பேசிக்கொள்ளாதவர்கள் வென்ற கோப்பைகள்

கால்பந்து அணிகளுக்குள் நிலவும் நட்பையும் பகையையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இம்முறை கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத வீரர்கள் ஓர் அணியில் இருந்தால் அந்த அணி வெல்ல முடியுமா?

வெல்ல முடியும். 1998–99 பருவத்தில் பிரீமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒருசேர வென்ற மான்செஸ்டர் யுனைடெட் அணியே இதற்குச் சான்று. அந்த அணியின் முன்கள வீரர்களான ஆண்டி கோலும் டெடி ஷெரிங்கமும் பேச்சுவார்த்தை அற்றுப்போனவர்கள். (கோல் என்பது அவருடைய குடும்பப் பெயர். அவர் அடித்த கோல்களையும் சேர்த்து எழுதும்போது குழப்பமே மிஞ்சும் என்பதால், இனி அவரை ஆண்டி என்றே குறிப்பிடுகிறேன்.)

பகையின் விதை 1995 மார்ச்சில் விழுந்தது. வெம்பிளியில் உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில், இங்கிலாந்துக்காக முதன்முறையாகக் களமிறங்கவிருந்த ஆண்டி, தனக்கு இடம்விட்டு வெளியேறும் ஷெரிங்கம் கைகொடுத்து ஒரு வார்த்தை வாழ்த்துவார் என்று கோட்டோரத்தில் காத்து நின்றார். ஷெரிங்கம் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விட்டார் என்று பிற்காலத்தில் ஆண்டியே எழுதியிருக்கிறார். 1997-இல் ஷெரிங்கம் மான்செஸ்டருக்கு வந்து சேர்ந்தார். 1998-இல் போல்டனுடனான ஆட்டத்தில் வாங்கிய ஒரு கோலுக்கு யார் பொறுப்பு என்பதில் இருவருக்கும் உரசல் முற்றி, அத்தோடு பேச்சு அடியோடு நின்றது.

இப்போது 1999 மே மாதத்தின் பத்து நாள்களைப் பாருங்கள். 16-ஆம் தேதி, லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்தில், இடைவேளையின்போது ஷெரிங்கம் வெளியே அழைக்கப்பட்டு ஆண்டி உள்ளே அனுப்பப்பட்டார். இறங்கிய சில நிமிடங்களிலேயே பட்டத்தை உறுதிசெய்த கோலை அடித்தார். 22-ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் காயமடைந்த ராய் கீனுக்குப் பதிலாக வந்த ஷெரிங்கம் முதல் கோலை அடித்து, இரண்டாவது கோலுக்குப் பந்தையும் எடுத்துக் கொடுத்தார். 26-ஆம் தேதி பார்சிலோனாவில் பேயர்ன் மியூனிக்கை எதிர்கொண்ட இறுதியாட்டத்தில், 81-ஆம் நிமிடத்தில் ஆண்டியை வெளியே அழைத்து சோல்ஷேரை இறக்கினார்கள். 90 நிமிடம் முடிந்தபின், வீணான நேரத்துக்காகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் ஷெரிங்கம் சமன் செய்ய, சோல்ஷேர் வெற்றிக் கோலை அடித்தார். ஒருவர் இருந்த இடத்தில் மற்றவர் வந்து நிற்பதும், வந்தவர் முழுமூச்சாக ஆடுவதும் அந்த அணியில் பழகிப்போன காரியம். அதற்கு நட்பு தேவைப்படவில்லை.

ஆனால் நட்பினால் பயனே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டிக்கும், அந்த அணியின் இன்னொரு முன்கள வீரரான டுவைட் யார்க்குக்கும் இருந்தது நெருங்கிய தோழமை. அந்தப் பருவத்தில் இருவரும் சேர்ந்து 53 கோல்கள் அடித்தார்கள். 1998 நவம்பரில் பார்சிலோனாவுடன் 3–3 என்று முடிந்த ஆட்டத்தில் அவர்கள் அடித்த ஒரு கோலை இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கீன் தட்டிவிட்ட பந்து தன்னை நோக்கி வரும்போது யார்க் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார். பின்னால் யார் நிற்கிறார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டி அதை எடுத்து யார்க்கிடம் கொடுத்து, மறுபடி வாங்கி, வலைக்குள் அடிக்கிறார். தொட வேண்டிய பந்தைத் தொடாமல் விடும் துணிச்சல், நெருங்கிப் பழகியவர்களுக்கே வரும். கோப்பைக்கு நட்பு கட்டாயமில்லை. இந்த மாதிரிக் கோலுக்குக் கட்டாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நட்பு இல்லையென்றால், அணி ஒற்றுமை என்று நிபுணர்கள் சொல்வது எதைத்தான்?

விளையாட்டு உளவியலில் இதை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவரையொருவர் பிடித்துப்போவது ஒன்று. செய்ய வேண்டிய வேலையில் எல்லோரும் ஒரே மனதாக இருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் களத்தில் கண்ணால் பார்க்க முடியும். பந்து வைத்திருப்பவரை விட்டுவிட்டு மற்ற பத்துப் பேரைக் கவனிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சிரமம்.

வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் தாக்குதலில் சேர்ந்துகொள்ள முன்னே ஓடிப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து பறிபோகிறது. அவர் விட்டு வந்த இடம் முப்பது நாற்பது மீட்டர் நீளத்துக்கு வெறும் புல்லாகக் கிடக்கிறது. நடுக்கள வீரர் ஒருவர், பந்து பறிபோவதற்கு முன்பே, யாரும் சொல்லாமல் அந்த இடத்துக்கு நகர்ந்திருந்தால் ஆபத்து இல்லை. அவருடைய பெயர் அன்றைய செய்தியில் வராது. அவர் அங்கே போனதற்குக் கைதட்டலும் கிடைக்காது. இருந்தும் போகிறார். முன்னே ஓடியவரும், ‘நான் போனால் அவன் பார்த்துக்கொள்வான்’ என்று நம்பித்தான் ஓடினார். அந்த நம்பிக்கை இல்லாத அணியில் அவர் பாதி தூரம் ஓடி நின்றுவிடுவார். தாக்குதலும் நடக்காது, தடுப்பும் முழுமையாகாது.

எதிரணியைச் சேர்ந்து நெருக்கி, பந்தைப் பறிக்கும் ஆட்டமுறையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். மூன்று பேர் பாய்ந்து நான்காமவர் சோம்பினால், அந்த நான்காவது இடைவெளி வழியாகவே பந்து வெளியேறும்; பாய்ந்த மூவரின் ஓட்டமும் வீண். எதிரணி முன்கள வீரரை ஆஃப்சைடில் (தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னே நின்று பந்து வாங்கும் தவறு) சிக்கவைக்கத் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் முன்னகரும்போது ஒருவர் மட்டும் அரையடி பின்தங்கினாலும் அதே கதைதான்.

கூட்டமாகச் சேர்ந்தால் உழைப்பு தானாகப் பெருகிவிடும் என்பதும் உண்மையில்லை. மாக்சிமிலியன் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913-இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனைகளில், இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஆளுக்கு ஆள் செலுத்தும் விசை குறைந்துகொண்டே வந்தது. ஊர் கூடித் தேர் இழுக்கையில் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர்களும் உண்டு அல்லவா? கால்பந்து அணியில் அப்படிப்பட்டவரை அடையாளம் காட்டப் பயிற்சியாளருக்கு இன்று ஓட்டத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. உடன் ஆடுபவர்களுக்கோ அவர் யாரென்று கருவி இல்லாமலே தெரியும்.

கேள்வி: ஒற்றுமையால் வெற்றி வருகிறதா, வெற்றியால் ஒற்றுமை வருகிறதா?

இரண்டும் நடக்கிறது. இரண்டாவது நாம் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. பிரையன் மல்லன், கரோலின் காப்பர் என்ற உளவியலாளர்கள் 1994-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குழு ஒற்றுமைக்கும் செயல்திறனுக்கும் தொடர்பு இருப்பதை உறுதிசெய்ததோடு, ஒற்றுமை வெற்றியைத் தருவதைவிட வெற்றி ஒற்றுமையைத் தருவதே வலுவாகத் தெரிகிறது என்றும் கண்டார்கள். அந்தத் தொடர்புக்கு அடிப்படையாக இருந்ததும் வேலையின் மீதுள்ள பிடிப்பே; ஒருவர்மேல் ஒருவர் கொண்ட பிரியம் அல்ல.

லெஸ்டர் சிட்டியின் கதையை இந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாம். 2014–15 பருவத்தின் இறுதியில், கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படவிருந்த அந்த அணி கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பியது. அடுத்த பருவத்தில், பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விலை வைத்திருந்த நிலையில், 81 புள்ளிகளுடன் பிரீமியர் லீக் பட்டத்தையே வென்றது. கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாகப் பயிற்சியாளர் ராணியேரி சொன்ன கதையும், வீரர்களின் குடும்பப் பாசமும் அப்போது பக்கம் பக்கமாக எழுதப்பட்டன. அதற்கடுத்த பருவத்தில், அநேகமாக அதே ஆட்கள், அதே நட்போடு ஆடி 12-ஆம் இடத்துக்கு இறங்கினார்கள். பட்டம் வென்று ஓராண்டு முடியும் முன்பே, 2017 பிப்ரவரியில், ராணியேரி பதவியிழந்தார். முக்கியமாகப் போனவர், நடுக்களத்தில் எல்லோருடைய பிழைகளையும் ஓடி ஓடி அடைத்த என்கோலோ காண்டே. அவர் செல்சிக்குப் போய் அங்கே பட்டம் வென்றார். முந்தைய ஆண்டு ‘ஒற்றுமை’ என்று நாம் கொண்டாடியதில் எத்தனை பங்கு காண்டேயின் கால்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: உட்பூசலால் சிதைந்த அணிக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

2010 உலகக் கோப்பையில் பிரான்ஸ். முந்தைய உலகக் கோப்பையில் இறுதியாட்டம் வரை வந்த நாடு அது. தென்னாப்பிரிக்காவில் மெக்சிகோவுடனான ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் ரேமோன் தொமினெக்கை நிக்கோலா அனெல்கா கடுஞ்சொற்களால் திட்ட, அது நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்துவிட, அனெல்கா ஊருக்கு அனுப்பப்பட்டார். மறுநாள், ஜூன் 20, நைஸ்னா என்ற ஊரில் பொதுமக்கள் பார்த்திருக்கப் பயிற்சி நடக்கவிருந்தது. அணித் தலைவர் பத்ரீஸ் எவ்ராவுக்கும் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் தள்ளுமுள்ளு ஏற்படும் நிலை வந்து, தொமினெக் இடையில் புக நேர்ந்தது. வீரர்கள் பேருந்தில் ஏறித் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பயிற்சியைப் புறக்கணிக்கிறோம் என்ற வீரர்களின் அறிக்கையைச் செய்தியாளர்களுக்குப் படித்துக் காட்டியவர், யாருக்கு எதிராக அது எழுதப்பட்டதோ அந்தத் தொமினெக்கேதான். இரண்டு நாள் கழித்துத் தென்னாப்பிரிக்காவிடமும் தோற்று, மூன்று ஆட்டங்களில் ஒரே புள்ளியும் ஒரே கோலுமாகப் பிரான்ஸ் வெளியேறியது.

இதை ‘ஒற்றுமையின்மை’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஓர் ஐயம் உண்டு. திரைச்சீலை மூடிய அந்தப் பேருந்துக்குள் ஒற்றுமைக்கு என்ன குறை? வெளிப்பார்வைக்காவது ஒருவர்கூடக் கீழே இறங்கவில்லை. ஒரே குரலில் ஓர் அறிக்கையும் தயாரானது. வேலையோடு ஒட்டாத ஒற்றுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் நைஸ்னா காட்டியது. ‘எல்லோரும் ஒன்றாக இருங்கள்’ என்று மட்டும் சொல்லும் பயிற்சியாளர்கள் இதை யோசிக்கலாம்.

நேரடியான கைகலப்பு வேண்டுமென்றால் 2005 ஏப்ரலில் நியூகாசில் அணியின் லீ போயரும் கீரன் டயரும் சொந்த மைதானத்திலேயே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, இருவரும் சிவப்பு அட்டை வாங்கியதைச் சொல்லலாம். ஏற்கெனவே மற்றொருவரும் வெளியேற்றப்பட்டிருந்ததால் மீதி நேரத்தை எட்டுப் பேருடன் ஆடி, ஆஸ்டன் வில்லாவிடம் 0–3 என்று தோற்றார்கள். சண்டைக்குக் காரணம், ‘எனக்கு ஏன் பந்து தரவில்லை?’

கேள்வி: எதிரெதிர் கிளப்புகளில் மோதிக்கொள்பவர்கள் நாட்டுக்காக எப்படிச் சேர்ந்து ஆடுகிறார்கள்?

சிலர் ஆடுகிறார்கள், சிலரால் முடிவதில்லை. 2011 ஏப்ரல், மே மாதங்களில் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் 18 நாள்களில் நான்கு முறை மோதின. அந்த ஆண்டு இதே இரு அணிகள் ஆடிய ஸ்பெயின் சூப்பர் கோப்பை ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அதற்குப் பிறகு ரியலின் கோல்கீப்பர் இக்கர் கசியாஸ், ஸ்பெயின் அணியில் தன்னோடு ஆடிய பார்சிலோனா வீரர்களான சாவி (Xavi), புயோல் இருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். கசியாஸும் சாவியும் 1999-இல் உலக இளையோர் கோப்பையைச் சேர்ந்தே வென்றவர்கள். பழகிய பழக்கம் அந்த நேரத்தில் கைகொடுத்தது. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் 2012 இறுதியாட்டத்தில் ஸ்பெயின் இத்தாலியை 4–0 என்று வென்றது. அதே ஆண்டு கசியாஸுக்கும் சாவிக்கும் ஸ்பெயினின் ஆஸ்துரியாஸ் இளவரசர் விருது சேர்த்தே வழங்கப்பட்டது.

இங்கிலாந்தின் ‘பொற்காலத் தலைமுறை’யில் ரியோ ஃபெர்டினான்டும் ஃபிராங்க் லம்பார்டும் வெஸ்ட் ஹாமில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒருவர் மான்செஸ்டருக்கும் மற்றவர் செல்சிக்குமாக ஆடத் தொடங்கிய பின் பேச்சு குறைந்து நின்றே போனது என்று ஃபெர்டினான்டே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நட்சத்திரங்கள் நிறைந்த அந்த அணி 2008 யூரோவுக்குத் தகுதிகூடப் பெறவில்லை. ஆனால் பழியையெல்லாம் பகையின் தலையில் போடுவதும் சரியில்லை. லம்பார்டும் ஸ்டீவன் ஜெரார்டும் ஒரே மாதிரி முன்னே பாயும் நடுக்கள வீரர்கள். இருவரும் பாய்ந்தால் பின்னே நிற்க ஆளில்லை. அதற்கான தீர்வு பயிற்சியாளரின் கையில் இருந்ததே தவிர, வீரர்களின் மனத்தில் அல்ல.

2014-இல் ஜெர்மனி செய்தது எளிமையான காரியம். பிரேசிலில் தங்கிய முகாமில், பேயர்ன், டார்ட்மன்ட் முதலிய வெவ்வேறு கிளப்புகளின் வீரர்களைக் கலந்து, வீடு வீடாகக் குடிவைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் கிளப் வாரியாகக் கூட்டம் சேர வழியில்லாமல் போயிற்று. அதனால்தான் கோப்பை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். செய்யத் தகுந்த காரியம் என்று சொல்வேன்.

கேள்வி: அணிகளைப் பிரிப்பது பணம்தானே?

பணத்தைவிட, பணத்தைப் பற்றிப் பேசாமல் இழுத்தடிப்பதே பிரிக்கிறது. 2014 உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன் ஊக்கத்தொகைத் தகராறில் விமானம் ஏற மறுத்த கேமரூன் அணி, தாமதமாகப் போய்ச் சேர்ந்து மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. குரோவேஷியாவிடம் 0–4 என்று தோற்ற ஆட்டத்தில் பெனுவா அசு-எகோத்தோ தன் அணிக்காரரான பெஞ்சமின் முக்கான்ஜோவையே தலையால் முட்டினார். மறுபக்கம், 1974-இல் மேற்கு ஜெர்மனி வீரர்களும் இதே ஊக்கத்தொகைக்காக முகாமில் இரவு முழுக்கச் சண்டையிட்டார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டு வேறு அணியைக் கொண்டுவரப் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன் துணிந்துவிடும் அளவுக்கு அது போனது. அணித் தலைவர் பெக்கன்பவர் பேசி முடித்தார். கணக்கு தீர்ந்தது, கிழக்கு ஜெர்மனியிடம் ஓர் ஆட்டத்தைத் தோற்றாலும், இறுதியில் நெதர்லாந்தை 2–1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

கேள்வி: அடங்காத நட்சத்திர வீரரை வெளியேற்றுவது அணிக்கு நல்லதா?

எட்கர் டேவிட்ஸை 1996 யூரோவின் நடுவில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் ஹிடிங்க் வீட்டுக்கு அனுப்பினார்; அடுத்த ஆட்டத்தில் அணி இங்கிலாந்திடம் 1–4 என்று தோற்றது. இரண்டு ஆண்டுகளில் அதே ஹிடிங்க் அவரைத் திரும்ப அழைத்தார். 1998 உலகக் கோப்பையில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் டேவிட்ஸ். நெதர்லாந்து அரையிறுதி வரை சென்றது. வெளியேற்றியதைவிட, திரும்ப அழைக்கக் கதவைத் திறந்து வைத்திருந்ததே ஹிடிங்கின் சாமர்த்தியம்.

கேள்வி: நான் ஓர் இளையோர் அணிக்குப் பயிற்சியளிக்கிறேன். அணியின் சிறந்த இரண்டு வீரர்கள் ஒருவருக்கொருவர் பந்து தருவதில்லை. கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

முதலில், கைகுலுக்க வைப்பதை நிறுத்திவிடுங்கள். பதின்பருவத்தினரை எல்லோர் முன்னும் சமாதானம் செய்ய வைத்தால், அவர்களுக்குப் பகை குறைவதில்லை. மானம் போனதுதான் நினைவில் நிற்கும்.

அவர்கள் உண்மையிலேயே பந்து தருவதில்லையா என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஆட்டம் முழுக்க ஒரு தாளில், ‘தந்திருக்கலாம், தந்தான்’, ‘தந்திருக்கலாம், தரவில்லை’ என்று இரண்டு வரிசைகளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பல வேளைகளில், தராததற்குக் காரணம் பகையாக இருக்காது. இருவரும் ஒரே இடத்தில் பந்தை எதிர்பார்த்து நிற்பதாக இருக்கும். அப்படியானால் ஒருவரின் இடத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். உண்மையிலேயே பகைதான் என்று தாள் சொன்னால், இருவரையும் தனித்தனியே அழைத்து அந்தத் தாளைக் காட்டுங்கள். அறிவுரை வேண்டாம், எண்ணிக்கை போதும்.

பயிற்சியில் இருவரையும் எப்போதும் ஒரே பக்கத்தில் போடுங்கள். சிறு மைதானத்தில் மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என்று ஆட விட்டால் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. அருகிலிருப்பவருக்குத் தராவிட்டால் பந்து போய்விடும். தோற்ற பக்கம் கூம்புகளையும் பந்துகளையும் பொறுக்கி வைக்க வேண்டும் என்று வைத்துவிட்டால், தோல்வியின் விலையை இருவரும் சேர்ந்து கொடுப்பார்கள். ஒருவர் பந்து எடுத்துக்கொடுத்து மற்றவர் கோல் அடித்தால், எடுத்துக்கொடுத்தவரின் பெயரை முதலில் சொல்லிப் பாராட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒருவர் வேண்டுமென்றே தராமல் இருந்தால், அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியில் அவரை வெளியே உட்கார வையுங்கள். காரணத்தை முந்தின நாளே அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஆட்டத்தன்று காலையில் பெயர்ப் பட்டியலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். அவர்கள் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களா, விடுமுறையில் சந்திக்கிறார்களா என்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாதது. நான்கு வாரம் கழித்து அதே தாளை எடுத்து மறுபடி கோடு போடுங்கள்.